சீக்கிரம் தூங்கும் பிள்ளைகள்

நான் ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்த மே மாதம், என்னையும் தம்பியையும் மகாபலிபுரத்தில் பெரியம்மா வீட்டில் பத்து நாள் விட்டுவைப்பது என்று முடிவாயிற்று. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து. செங்கல்பட்டில் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு மணி நேரப் பயணம். அந்த ஒரு மணி நேரமும் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே எனக்கு ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்திக்கொண்டு வந்தாள்.

"அப்பாவப் பத்தி அங்க ஒண்ணும் சொல்லக் கூடாது. எப்பிடிக் கீறாருன்னு கேட்டா நல்லாக் கீறாருன்னு சொல்லணும். அதுக்கு மேல வாயத் தொறக்கக் கூடாது. புரிஞ்சிதா?"

புரிந்தது. அந்த வாக்கை நான் கடைசிவரை காப்பாற்றினேன். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படியும் மூன்றாம் நாள் பகல் பதினொன்றரை மணிக்கு எல்லாம் வெளியே வந்துவிட்டது.

அப்பா சர்வேயர். ஊரில் எல்லோருக்கும் 'சர்வேயர் சார்'. அண்ணனும் தம்பியும் வரப்புத் தகராறில் வெட்டிக்கொள்ளத் தயாராக நிற்கிற இடத்தில் போய்ச் சங்கிலியை இழுத்துப் பிடித்து, இது உன்னுடையது, இது அவனுடையது என்று ஒரு சாண் பிசகாமல் சொல்லிவிட்டு வருவார். அளந்து முடித்ததும் இரண்டு தரப்பும் சேர்ந்து சாருக்கு மரியாதை செய்வார்கள். அந்தச் சண்டைக்காரர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். அந்த மரியாதை முதலில் எப்போதாவது நடந்தது, பிறகு வாரம் ஒருமுறை நடந்தது. எனக்கு விவரம் தெரிந்தபோது, அளக்க நிலமே இல்லாத நாட்களிலும் அவர் ஒயின்ஷாப்புக்குப் போய்த் தனக்குத் தானே மரியாதை செய்துகொள்கிறவராக ஆகியிருந்தார்.

காலையில் அவரைப் போல ஒரு அப்பா கிடைக்காது. இந்தியா வரைபடத்தைக் கையெடுக்காமல் ஒரே கோட்டில் வரைந்து தருவார். தம்பிக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு ஊர்ப் பெயர் சொல்வார். காலையில் இருக்கிற அப்பாவும் மாலையில் வருகிற அப்பாவும் ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் இரண்டு ஆட்கள் என்றுதான் தம்பி வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தான். நான் மூத்தவள் ஆனதால் அப்படி நினைக்கவில்லை. மாலையில் எந்த மாதிரி வருவார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க மட்டும் கற்றுக்கொண்டேன். ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போடும் சத்தத்தில் அது தெரிந்துவிடும். ஒரே உதையில் 'டக்'கென்று நின்றால் பாடம் படிக்கலாம், ரேடியோ கேட்கலாம். கால் நழுவி இரண்டாம் முறை உதைத்தால் எங்களுக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதற்குள் எல்லாவற்றையும் செய்து முடிக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு முறை ஒவ்வொன்றாக நாங்களே சேர்த்துக்கொண்டோம்.

இதெல்லாம் பெரியம்மா வீட்டில் யாருக்கும் தெரியாது. பெரியம்மா அம்மாவுக்கு நாலு வயது மூத்தவள். அவளைச் சைக்கிள் கடைக்காரருக்குக் கட்டிக்கொடுத்ததில் அவர்கள் பிறந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு குறை. அம்மாவைக் கவர்மென்ட் உத்தியோகஸ்தருக்குக் கொடுத்தபோது அந்தக் குறை தீர்ந்தது. பெரியப்பா சொந்தச் சகலபாடியையே 'சார்' என்றுதான் கூப்பிடுவார். அப்பா வந்தால் தோள் துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். "நீ குடுத்து வெச்சவடி" என்று பெரியம்மா அடிக்கடி சொல்வாள். அம்மா அதை ஒருநாளும் மறுத்ததில்லை. அந்த ஒரு பேச்சுக்காகவே அவள் எத்தனையோ தாங்கிக்கொண்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

பெரியப்பாவின் கடை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வெள்ளைக்காரர்கள் வந்து வாடகைக்குச் சைக்கிள் எடுத்துக்கொண்டு கடற்கரைக் கோயிலுக்கும் புலிக்குகைக்கும் போவார்கள். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் பத்து வார்த்தை. சத்தமாகச் சொன்னால் அவர்களுக்குப் புரிந்துவிடும் என்று நம்பி அந்தப் பத்தையும் கத்துவார். கத்திக் கத்தித் தொண்டை அந்த அளவிலேயே நின்றுபோயிற்று. வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட எதிர்வீட்டில் திரும்பிப் பார்ப்பார்கள்.

முதல் இரண்டு நாள் அவருடைய மொபெட் ரிப்பேருக்குப் போயிருந்தது. கடையிலிருந்து ஒரு சைக்கிளில் வந்தார். வாசலில் மணி அடித்ததும் பெரியம்மாவின் பெண், என்னைவிட இரண்டு வயது பெரிய அக்கா, ஓடிப்போய் அவர் சட்டைப்பையில் கையை விட்டுத் துழாவினாள். நானும் தம்பியும் அதைப் பார்த்துத் திகைத்து நின்றோம். அப்பா வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் வாசலை நோக்கி ஓடுவார்கள் என்பது எங்களுக்குப் புதுச் செய்தி. தம்பி என் காதில் கேட்டான், "அந்த அக்கா ஏன் அந்தப் பக்கம் ஓடுது?"

எனக்கும் தெரியவில்லை. "அவங்க வூட்ல அப்பிடித்தான்" என்றேன்.

மூன்றாம் நாள் பகலில் பெரியம்மா அடுப்படி வாசலில் அருவாமனையைப் போட்டு உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அக்கா எதிரில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தம்பி கிண்ணத்தில் பொரி வைத்துத் தின்றுகொண்டிருந்தான். நான் பழைய வாரப் பத்திரிகை ஒன்றில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் மொபெட் வந்து நின்றது. ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது. நழுவிற்று. மறுபடியும் போடும் சத்தம். மறுபடியும் நழுவிற்று. பிறகு வண்டியே சாய்ந்து விழுந்தது. கூடவே எதுவோ பொத்தென்று உடைந்தது. "அடச்சீ! இன்னா வண்டிடா இது, நாசமாப் போறது!" என்று பெரியப்பாவின் தொண்டை தெரு முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகு செய்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. எழுந்தேன். பெரியம்மாவின் கையை மீனோடு சேர்த்து ஒதுக்கிவிட்டு, அவள் காலடியிலிருந்து அருவாமனையை உருவி எடுத்துக்கொண்டு போய் அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகினேன். ஸ்டவ்வுக்குப் பக்கத்திலிருந்த மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடி, தென்னை மட்டைகளுக்கு அடியில் தள்ளினேன். திரும்பி வந்து தீப்பெட்டியை எடுத்துப் பாவாடை இடுப்பில் சொருகிக்கொண்டேன். ரேடியோவை நிறுத்தினேன். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, "வா, தூங்கற மாதிரி படுத்துக்க" என்றேன். அவள் வரவில்லை. நான் மட்டும் பாயில் போய்க் குப்புறப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

தம்பியை நான் கூப்பிடக்கூட இல்லை. அவன் வாயிலிருந்த பொரியை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டு எழுந்தான். பின்வாசலில் கிடந்த தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான். செருப்பு கிடந்தால் பிள்ளைகள் விழித்திருப்பது தெரிந்துவிடும். சத்தமில்லாமல் நடந்து வெளியே போனான்.

பெரியப்பா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். எங்களுக்காக வாங்கிவந்த தர்பூசணி வண்டியோடு விழுந்து பிளந்துவிட்டிருந்தது. இரண்டு கையிலும் இரண்டு பாதி. சிவப்புச் சாறு முழங்கை வரை வழிந்தது. பெரியம்மா மீன் செதில் ஒட்டிய கைகளை முன்னால் நீட்டியபடி, அருவாமனை இல்லாத வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஆச்சு?" என்றார் பெரியப்பா.

"என் காலுக்கு அடியிலேருந்து புடுங்கினு போறாய்யா. கிருஷ்ணாயில் டின்னத் தூக்கினு ஓடறா. இப்ப இன்னாடான்னா தூங்கறா!"

"சின்னவன் எங்க?"

அப்போதுதான் அவன் இல்லாதது அவர்களுக்குத் தெரிந்தது. கடல் அந்த வீட்டிலிருந்து இரண்டே தெரு. பெரியப்பா தர்பூசணியை அப்படியே தரையில் போட்டுவிட்டு வெளியே ஓடினார். அவனுடைய பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே மீனவர் தெருப்பக்கம் ஓடினார். அக்கா அழுதுகொண்டே எதிர்த்திசையில் ஓடினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். சிற்பக் கூடத்தில் கல் கொத்திக்கொண்டிருந்த ஆட்கள்கூட உளியைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். பெரியம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எங்கடி போனான்? சொல்லுடி! கடலாண்ட போய்க் கீறானா?"

நான் கண்ணைத் திறக்கவில்லை. எல்லாம் அடங்கும்வரை திறக்கக் கூடாது என்பது எங்கள் முறை. ஆனால் தெருவில் பெரியப்பா கத்துவது கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் கத்தக் கத்த அவன் வெளியே வரமாட்டான். அந்தத் தெருவிலேயே அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டபோது எழுந்தேன்.

"பெரிப்பாவக் கத்த வேணாம்னு சொல்லுங்க பெரிம்மா. கத்தினா வரமாட்டான்."

கால் மணி நேரம் கழித்து அக்காதான் கண்டுபிடித்தாள். பின்பக்கத்துச் சிமென்ட் தொட்டிக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் குந்தியிருந்தான். ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது, இன்னொன்று செருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது. கால்சட்டை நனைந்திருந்தது. பொரி இன்னும் வாய்க்குள்ளேயே இருந்தது. பெரியப்பா குனிந்து கையை நீட்டினார். அவன் இன்னும் உள்ளே ஒடுங்கினான். பெரியம்மா கூப்பிட்டாள், அக்கா கூப்பிட்டாள். அசையவில்லை. நான் போய் அவர்களை விலக்கிவிட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"அப்பா தூங்கிட்டாரு."

உடனே வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியே வந்தான். பொரியை மென்று விழுங்கினான்.

பெரியப்பா குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். அவருடைய குரல் இவ்வளவு சன்னமாக வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. "யாருடா கண்ணு தூங்கிட்டாரு?" என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். நான் அவன் கையிலிருந்த செருப்பை வாங்கிக் காலில் மாட்டிவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெரியம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலைவாரிவிட்டாள். மெதுவாகக் கேட்டாள். அப்பா எப்படி இருக்கிறார் என்றாள். நல்லா இருக்கிறார் என்றேன். அடிப்பாரா என்றாள். நல்லா இருக்கிறார் என்றேன். அருவாமனையை ஏன் எடுத்தாய் என்றாள். சும்மா என்றேன். காதோரத்தில் ஒரு சிக்கை எடுத்தாள்.

"செரி, கிருஷ்ணாயில எதுக்குடி ஒளிச்சி வெச்ச? உங்கப்பா அத இன்னா பண்ணுவாரு?"

இதற்குப் பதில் சொல்வதில் எனக்குத் தடையிருக்கவில்லை. அம்மா சொல்லக் கூடாது என்றது அப்பாவைப் பற்றி மட்டும்தான்.

"அது அப்பாவுக்கு இல்ல பெரிம்மா. அம்மாவுக்கு" என்றேன். "அப்பா ரொம்பக் கத்தினா அம்மா அத எடுத்துத் தலைல ஊத்திக்கும். ரெண்டு வாட்டி ஊத்திகிச்சு. தீப்பெட்டிதான் கெடைக்கல. நான் எடுத்து வெச்சிகினேன்ல?"

கடைசி வாக்கியத்தை நான் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சீப்பு நின்றுவிட்டது. அவளுடைய இன்னொரு கை என் உச்சந்தலைமேல் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் தப்பாகிவிடுமோ என்று நான் நேராகவே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளிலிருந்து பெரியப்பா மொபெட்டைத் தெருமுனையிலேயே நிறுத்தி இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று, "நான்தான், பெரிப்பா. கடையிலேருந்து வர்றேன். ஒண்ணியும் இல்ல" என்று சன்னமாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். அப்படி ஒரு ஆள் தன் வீட்டுக்குள்ளேயே அனுமதி கேட்டு வருவது தம்பிக்கு வேடிக்கையாக இருந்தது.

பத்து நாள் இருக்க விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்காவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பெரியம்மாவும் பெரியப்பாவும் எங்களை அழைத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு வந்தார்கள். பஸ்ஸில் யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை.

அப்பா ஞாயிற்றுக்கிழமைக் காலை அப்பாவாக இருந்தார். முகம் மழித்து, சோப்பு வாசனையோடு, மேஜையில் ஏதோ நிலத்தின் வரைபடத்தை மசியில் வரைந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தம்பியைத் தூக்கிச் சுற்றினார். பெரியப்பாவுக்கு அன்று அவரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பெரியப்பா உட்காரவில்லை.

பெரியம்மா நேராக அடுப்படிக்குப் போனாள். எங்கள் வீடு இரண்டே அறை. நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் கேட்கும். நான் நடுவில் நின்றேன்.

அம்மா முதலில் சிரித்தாள். "புள்ளைங்க இன்னாமோ வெளாடியிருக்குங்க. அத்தப் பெருசா எடுத்துகினு பஸ் ஏறி வந்துட்டியா?"

"தீப்பெட்டி ஏன்டி கெடைக்கல உனுக்கு?" என்றாள் பெரியம்மா.

"எந்தத் தீப்பெட்டி?"

"ரெண்டு வாட்டி தேடினியே. அப்போ."

அடுப்படியில் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல் வந்தது. எனக்குத் தெரிந்த அம்மாவின் குரல் மாதிரியே இல்லை. "அத்த அவ எப்போ பாத்தா? அவ தூங்கிகினு இல்ல இருந்தா?"

இந்தப் பக்கம் பெரியப்பா நின்றபடியே, தன் பெரிய தொண்டையை அடக்கிக்கொண்டு, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். அன்றைக்கு 'சார்' இல்லை. 'தம்பி' என்றார். அப்பா கோபப்படவில்லை. புரியாத கணக்கைக் கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"இல்லண்ணே. நீங்க தப்பா நெனச்சிகினீங்க. நான் வர்ற நேரத்துக்கு ரெண்டும் தூங்கிடும். எப்பவுமே அப்பிடித்தான். ஆபீஸ்ல கூடச் சொல்லுவேன், நம்ம புள்ளைங்க சீக்கிரம் தூங்கற புள்ளைங்கன்னு."

அவர் பொய் சொல்லவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நிமிடத்தில் பெருமையாக இருந்தது. அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறோம்.

அப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொல்லும்மா. நான் வந்தா ஒளிஞ்சிக்கிறீங்களா?"

அம்மா அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டாள். பெரியம்மா அவளுக்குப் பின்னால் நின்றாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"இல்லப்பா. சும்மா வெளாட்டு. பெரிம்மாதான் தப்பாப் புரிஞ்சிகினாங்க."

குரல் தடுக்கவில்லை, கண் தாழவில்லை. மூன்று நாளைக்கு முன்னால் எனக்குத் தலைவாரிவிட்ட பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவள் என்னைப் பார்த்துப் பயந்துபோன மாதிரி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

அப்பாவுக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா?" என்று சந்தோஷமாக எழுந்தார். எழுந்த வேகத்தில் அவருடைய நாற்காலி பின்னால் சாய்ந்து படாரென்று தரையில் விழுந்தது.

மூலையில் தீப்பெட்டிக் கூடுகளை ரயிலாக அடுக்கிக்கொண்டிருந்த தம்பி எழுந்தான். வாசலில் அப்போதுதான் கழற்றிப் போட்ட செருப்பை எடுத்துக்கொண்டான். நின்றுகொண்டிருந்த அப்பாவின் காலை உரசாமல் ஒதுங்கி, எங்கள் எல்லோரையும் தாண்டி, சத்தமில்லாமல் பின்பக்கம் போனான்.

யாரும் அசையவில்லை. முதலில் அசைந்தது அப்பாதான். அவன் பின்னாலேயே போனார். நாங்களும் போனோம்.

பின்பக்கத்தில் துணி துவைக்கும் கல்லுக்கும் மதிலுக்கும் இடையில், பாசி பிடித்த ஒரு இடுக்கு இருந்தது. நின்று பார்த்தால் தெரியாது. அதற்குள் அவன் முட்டியைக் கட்டி உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். அப்பா கல்லின் மேல் கையை ஊன்றிக் குனிந்து பார்த்தார்.

"டேய் ராஜா. வாடா. அப்பாடா."

அவன் வரவில்லை. மூச்சுக்கூட விடவில்லை. அப்பா பொத்தானுக்குச் சொல்கிற ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். நாலாவது ஊரோடு நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார். என்ன சொன்னால் வருவான் என்று பெரியப்பா அவருக்குச் சொல்லியிருந்தார். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

"அப்பா தூங்கிட்டாரு" என்றேன்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். இரண்டடி தள்ளி அப்பா விழித்த கண்ணோடு நின்றுகொண்டிருந்தார். அவரை நன்றாகப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கண்ணால் கண்டதை விட்டுவிட்டு, நான் சொன்னதை நம்பி வெளியே வந்தான்.

பெரியம்மா எங்களைத் தன்னோடு அனுப்பச் சொல்லிக் கேட்டாள். "எம் புள்ளைங்க எங்கிட்டதான் இருக்கும்" என்றாள் அம்மா. அன்று வாசல் தாண்டிப் போன பெரியம்மாவோடு அவள் நாலு வருஷம் பேசவில்லை. அவர்கள் தலை மறைந்ததும் என்னை இழுத்துவைத்து முதுகில் அடித்தாள். இரண்டு அடி. அதற்குப் பிறகு அதே முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். எதற்கு அடி, எதற்கு அழுகை என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அதன் பிறகு அவள் அந்த டின் பக்கம் அப்படிப் போகவே இல்லை. அது மட்டும் நிச்சயம். நான் பல வருஷம் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா மூன்று மாதம் குடியைத் தொடவில்லை. பிறகு தொட்டார். விட்டார், தொட்டார். நான் கல்லூரியில் இருந்தபோது ஈரல் கெட்டு, செங்கல்பட்டில் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபின்தான் முழுதாக நிறுத்தினார். அதன் பிறகு ஆறு வருஷம் இருந்தார். அந்த ஆறு வருஷமும் காலை அப்பாவாகவே இருந்தார். எங்களுக்குத்தான் மாலையில் அவரோடு என்ன பேசுவது என்று தெரியாமல் போய்விட்டது. நாவலூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் யாராவது நாற்காலியை வேகமாகத் தள்ளினால், என்னுடைய கால் இன்றைக்கும் மேஜைக்கடியில் செருப்பைத் தேடுகிறது. தம்பி எந்த ஓட்டலிலும் கதவுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டான். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அம்மா அழுது முடித்துப் படுத்திருந்தாள். அப்பா சாப்பிடவில்லை. மூன்று மணி வெயிலில் பின்பக்கம் போனார். நானும் தம்பியும் கதவோரம் நின்று பார்த்தோம். அவர் துவைக்கிற கல்லைச் சுற்றி வந்து, அந்த இடுக்கின் அகலத்தைக் கையால் அளப்பது போலத் தடவிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு அதற்குள் இறங்கினார். அது அவர் அளவுக்கான இடமில்லை. தோளைக் குறுக்கி, ஒரு பக்கமாகத் திரும்பி, மதில் பாசியெல்லாம் சட்டையில் ஒட்ட, முட்டியை மோவாய்வரை மடக்கி எப்படியோ உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் எதிரிலிருந்த கல்லைப் பார்த்தார். பிறகு கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்பா ஒளிஞ்சிகினாரு!" என்று தம்பி கைதட்டிச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. சர்வேயர் சார் அப்படி உட்கார்ந்திருப்பதை யார் பார்த்தாலும் சிரிப்பார்கள். அவர் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். தூரத்தில் தாம்பரம் போகிற மின்சார ரயில் போயிற்று. அடுத்த ரயிலும் போயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை.

எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. அந்த இடம் அவருக்குத் தெரிந்துபோயிற்று. இனி அது உதவாது. தம்பியைக் கையைப் பிடித்து வாசல்வழியாகக் கூட்டிக்கொண்டு போய் அக்கம்பக்கமெல்லாம் பார்த்தேன். எதிர்வீட்டு மாடிப்படிக்கு அடியில், செங்கல் அடுக்கியிருந்ததற்குப் பின்னால் ஒரு இடம் இருந்தது. அவனை உள்ளே உட்காரவைத்து, தெருவில் நாலு பக்கமும் நின்று பார்த்தேன். எங்கிருந்து பார்த்தாலும் தெரியவில்லை. நல்ல இடம். வெளியே வருவதற்குப் புதிதாக ஒரு வார்த்தையும் சொல்லிக்கொடுத்தேன். பழையது அவருக்குத் தெரிந்துபோயிற்று அல்லவா.

நாங்கள் திரும்பி வந்தபோதும் அப்பா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். ஏன் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று யோசிக்க எனக்கு அன்று நேரமில்லை.